மாப்பிள்ளையே வராகம்!

கேள்வி: மாமல்லபுரம் கடற்கரையில், யாருக்கும் சொல்லாமல், எங்கள் நாயையும் பூனையையும் மட்டும் கூட்டிக்கொண்டு போய்க் கல்யாணம் செய்துகொள்ளப் போகிறோம். இப்படி யாராவது செய்ததுண்டா?
(வாசகர், செங்கல்பட்டு)

பதில்: பக்கத்துத் திருவிடந்தையில் உங்களை எப்போதோ முந்திவிட்டார்கள். அங்கே விலங்கு விருந்தாளி அல்ல, மாப்பிள்ளை! வராகமூர்த்தியான பெருமாள் நாளுக்கொருவராக 360 கன்னியரை மணந்தார் என்கிறது தலபுராணம். வள்ளி கல்யாணத்திலும் யானை வந்து மிரட்டித்தானே காரியம் கைகூடியது?

புரோகிதர் இல்லாமல் மாலை மாற்றினாலே செல்லும் என்று 1967-லேயே அண்ணா ஆட்சி சட்டமாக்கிவிட்டது. ஊரைக் கூட்டவும் தேவையில்லை என்று 2023-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆனால் மாலை மாற்றும்போதும் பதிவின்போதும் மனித சாட்சிகள் வேண்டும், தேடுங்கள். பதிவாளர் கைநாட்டு பார்த்திருப்பார், கால்நாட்டு?