ஒரு ‘யு’வுக்கு அரை மார்க்

மயிலாப்பூரில் எட்டாம் வகுப்புப் பிள்ளை ‘கலர்’ என்ற சொல்லில் ‘யு’வை விட்டுவிட்டால் சிவப்பு மையில் சுழித்து அரை மார்க்கைப் பிடுங்குகிறார்கள். அதே பிள்ளை மாலையில் தி.நகரில் காசு கட்டி வெப் டிசைன் படிக்கிறது. அங்கே கோடிங்கில் அதே சொல்லுக்கு ‘யு’ போட்டால் நிறம் மாறாது. தப்பு என்றுகூடச் சொல்லாமல் பிரவுசர் அந்த வரியைத் தாண்டிப் போய்விடும். காலையில் லண்டனுக்குத் தண்டம், மாலையில் வாஷிங்டனுக்குக் கப்பம். இரண்டுக்கும் ஃபீஸ் கட்டுகிறவர் அடையாறு ஃபிளாட்டுக்கு இ.எம்.ஐ.யும் கட்டும் அப்பா.

‘இசட்’ கதை இன்னும் கேவலம். ‘ஆர்கனைஸ்’ என்பதை ‘இசட்’ போட்டு எழுதினால் அமெரிக்கக் கொச்சை என்று முகம் சுளிக்கிறார்கள். மேஜைமேல் வைத்துக் கும்பிடும் ஆக்ஸ்ஃபோர்டு அகராதியைத் திறந்து பார்த்தால்தானே? அது முதலில் தருவதே ‘இசட்’தான். துரைக்கே இல்லாத ஆசாரம் துபாஷுக்கு!

தரமணி ஐ.டி. கம்பெனிகள் பக்கம் போனால் இந்த எழுத்து மாற்றும் வேலைக்குச் சம்பளமே உண்டு. பாஸ்டன் கிளையன்ட்டுக்கு எழுதிய மேனுவலில் ‘இசட்’டை எல்லாம் ‘எஸ்’ ஆக்கினால் லண்டன் கிளையன்ட்டுக்கு ரெடி. எந்தப் பட்டனை அழுத்துவது என்று படிக்கிறவனுக்குக் கடைசிவரை விளங்காது. ஸ்பெல்லிங் மட்டும் சுத்தமோ சுத்தம்.

வெள்ளைக்காரன் தப்பு செய்தால் என்ன ஆகும் தெரியுமா? நீங்கள் எந்தப் பக்கத்திலிருந்து வந்தீர்கள் என்று பிரவுசர் சர்வருக்குச் சொல்லும் ‘ரெஃபரர்’ என்ற சொல்லில் ஓர் ‘ஆர்’ விட்டுப்போனது. 1996இல் ஆர்.எஃப்.சி. 1945 என்ற இணைய நெறிமுறை ஆவணத்தில் அப்படியே ஏறியது. இன்றுவரை அந்தப் பிழைதான் சட்டம்.

நாம் தொட்டால்? 2020 ஜூனில் தமிழக அரசு 1,018 ஊர்ப் பெயர்களுக்குத் தமிழ் ஒலிப்பை ஒட்டி ஆங்கில ஸ்பெல்லிங் தந்தது. ஊரே சிரித்தது; சில நாளில் அரசு வாபஸ் வாங்கியது. அவற்றில் பல கண்றாவி என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் எழும்பூரைக் கடித்துத் துப்பி ‘எக்மோர்’ ஆக்கியவனைப் பார்த்து எவன் சிரித்தான்?

சாம்பல் நிறமான ‘கிரே’யை ‘ஏ’ போட்டு எழுதினாலும் ‘இ’ போட்டு எழுதினாலும் பிரவுசர் ஏற்றுக்கொள்கிறது. பேப்பர் திருத்தும் மகாஜனங்களே, அந்த மெஷின் அளவுக்காவது பெரிய மனசு வையுங்கள்.