மழைக்கு வழி விடாத வீடு

நல்லாத்தான் கட்டியிருக்கே பேராண்டி. வாசல்ல இருந்து காம்பவுண்டு வரைக்கும் ஒரு பிடி மண்ணு கண்ணுல படலையே! எல்லாம் டைல்ஸ். கால்ல சேறு ஒட்டாது. மழையும் உள்ளே இறங்காது.

உங்க மெட்ராசுக்காரங்க சாமர்த்தியத்தை மெச்சணும்டா. மாம்பலத்து ஏரியைத் தூர்த்து மனை போட்டீங்க. ஏரி போச்சு, லேக் வியூ ரோடுன்னு பேரு மட்டும் மேற்கு மாம்பலத்துல நிக்குது. 2015 டிசம்பர்ல வீடு தேடி வந்த தண்ணியைப் போ போன்னு கடலுக்குத் துரத்துனீங்க. 2019 ஜூலையில ஜோலார்பேட்டையில இருந்து ரயிலேத்திக் கொண்டாந்தீங்க, ஒரு நடைக்கு 25 லட்சம் லிட்டர். போனது ஓசி, வந்தது ரயில் சார்ஜோட. எங்க ஊருல இவ்வளவு வசதி கிடையாதுப்பா, ஏரி நிரம்பினா கலங்கல் வழியா அடுத்த ஏரிக்குத்தான் அனுப்பத் தெரியும்.

உன் மொட்டை மாடி ஆயிரம் சதுர அடி. இந்த ஊருக்கு வருசத்துக்கு 1,400 மில்லிமீட்டர் கிட்ட மழை. படிச்சவனாச்சே, கணக்குப் போடு: சுமார் 1,30,000 லிட்டர். அதைத் தெருக் கால்வாய்ல விட்டுட்டு, சித்திரையில லாரிக்காரனை ‘அண்ணே, அண்ணே’ன்னு கெஞ்சுறே. அவன் எங்கே ரொப்புறான்? எங்க ஊருக் கிணத்துலதான்!

‘மழைநீர் சேகரிப்பு இருக்கு தாத்தா’ங்கிறே. 2003-ல எல்லாக் கட்டடத்துக்கும் கட்டாயம்னு சட்டமே வந்துச்சு, தெரியும். உன் குழாயையும் பார்த்தேன். பாதிச் சுவரோட நின்னுபோச்சு. அதிகாரி நிமிர்ந்துதான் பார்ப்பாரு, குனிய மாட்டாருன்னு கணக்கா?

கேளு. முதல் மழையை வெளியே விட்டுடு, தூசியும் காக்கா எச்சமும் போகட்டும். அப்புறம் வர்ற தண்ணியை ஜல்லியும் மணலும் போட்ட தொட்டிக்குள்ள விட்டு வடிகட்டு. ஐப்பசி பிறக்கிறதுக்குள்ள வருசா வருசம் அந்த மணலை அலசணும். உங்க தெரு களிமண்ணு. நாலடிக் குழி வெட்டினா கொசுதான் வளரும். களியைத் தாண்டி மணல் தட்டுற வரைக்கும் உறை இறக்கணும். அடியில சிமெண்டு பூசலாமான்னு கொத்தனார் கேட்பான். பூசினா தண்ணி எப்படிடா இறங்கும்?

உறை இறக்குறதெல்லாம் கிணறு இல்லாதவனுக்கு. உனக்கு அந்தச் செலவும் இல்ல. பழைய வீட்டுக்காரர் வெட்டின கிணத்து மேல ஸ்லாபு போட்டுத்தானே காரை நிறுத்தியிருக்கே? சாவியை எடு. வண்டி என்ன விலைன்னு அப்புறம் சொல்லு, மொதல்ல நகர்த்து.