லே மக்கா, நாய்ப்பண்ணை வைக்கப் போறியாமே!

லே மக்கா, வா, இஞ்ச இரி. நீ நாய்ப்பண்ணை வைக்கப் போறதா உனக்க அப்பன் சொன்னான். சாதா நாய் இல்லியாம், பறவை வேட்டைக்குள்ள நாயாம். பாயிண்டராம், செட்டராம், லாப்ரடாராம், கோல்டன் ரிட்ரீவராம். குடும்பத்தோட எறங்குதியளாம். நீ இணை சேப்பியாம், பெண்டாட்டி குட்டி பாப்பாளாம், மாமனாரு பணம் போடுவாராம். கொள்ளாம். உனக்க கல்யாணத்துக்கு எவனும் பொருத்தம் பாக்கல. நீ நாய்க்குப் பாக்கப் போற. குடும்பத்துல ஒருத்தருக்காவது பொருத்தம் பாத்து நடக்கட்டு.

ஒண்ணு மட்டும் கேக்கேன், கோவப்படாதே. பறவை நாய் சரி, பறவைக்கு எங்க போவ? சுசீந்திரம், தேரூர் குளத்துக்கா? அங்க நாரை உண்டு, நாமக்கோழி உண்டு, தாழைக்கோழி உண்டு, குளிர் காலத்துல உள்ளானும் வரும். ஆனா அந்தச் சுசீந்திரம் தேரூர் குளங்களும், அந்தால கிடக்க வேம்பனூர் குளமும் 2022லயே ராம்சார் ஈரநிலப் பட்டியல்ல ஏறியாச்சு. அதுக்கு எத்தனையோ முன்ன, 1972லயே காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் வந்தாச்சு. உனக்க பாயிண்டர் உள்ளானைக் கண்டு முன்னங்காலைத் தூக்கி அசையாம நிக்கும். அதுக்குப் பொறத்தால வனத்துறை ஜீப்பும் அசையாம நிக்கும். கடைசியில ஆரு ஆரைப் பிடிச்சான்னு நான் பேப்பர்ல வாசிச்சுக்கிடுவேன்.

மூஞ்சியைத் தொங்கப் போடாதே. வேண்டாம்னு நான் சொல்லல. நாய்க்க சங்கதி தெரியாம நாயை மேடிக்காதேன்னுதான் சொல்லுதேன்.

அந்த நாய் ஏன் அப்பிடிக் காலைத் தூக்கிட்டு நிக்குதுன்னு உனக்குத் தெரியுமா? எந்த நாயும் இரையைக் கண்டா பாயப்போறதுக்கு முன்ன ஒரு நொடி நிதானிக்கும். அந்த ஒரு நொடியைப் பிடிச்சு, அதிகமா நிதானிக்கிற நாயை அதே குணமுள்ள நாயோட சேத்து, தலைமுறை தலைமுறையா நீட்டிக்கிட்டே வந்தான் மனுசன். கடைசியில பாயிறதை மறந்துட்டு நிக்கிறதையே தொழிலாக்கிட்டு நாய். இப்பம் பால் மறந்த குட்டிக்கு முன்னால ஒரு கம்புல நூலைக் கெட்டி, நூல்ல பறவை இறக்கையைக் கெட்டி ஆட்டிப் பாரு. ஆரும் சொல்லிக் குடுக்காமலே சில குட்டி கல்லு மாதிரி நிக்கும். அதைக் காணுறப்பம் உனக்கு மயிர் சிலுக்கும். நாய் வளக்கிறவனுக்க சந்தோசமே அந்த ஒரு நிமிசம்தான். மத்தது எல்லாம் மூத்திரம் கழுவுற வேலை.

செட்டரு கதை கேளு, அது நமக்குப் பிடிக்கும். துப்பாக்கி பெருகுறதுக்கு முன்னால சீமையிலயும் வலைதான். நாய் பறவை வாடையைப் பிடிச்சதும் வயித்தைத் தரையில ஒட்டிப் படுத்துக்கிடும். வேட்டைக்காரன் பையப் பைய வந்து வலையை விரிச்சு மூடுவான். பறவையும் உள்ள, சில சமயம் நாயும் உள்ள. நாய் அனங்காது. நம்ம தேங்காய்ப்பட்டணத்துல வலைக்குள்ள போன ஒரு மீனாவது அந்த மாதிரி அடக்கமா இருந்திருக்கா?

லாப்ரடாரு கதை இன்னும் ரசம். அதுக்க முப்பாட்டன் கனடாவுக்க கெழக்குக் கரையில, நியூஃபவுண்ட்லாந்துல, மீன்பிடிக்கிறவனுக்க வள்ளத்துல கெடந்த நாயாக்கும். தூண்டில்ல இருந்து நழுவுன மீனை நீந்திப் பிடிக்கும், குளிர்த் தண்ணியில வலைக் கயித்தைக் கடிச்சு இழுத்துக் கரையேத்தும். மீன் ஏத்திட்டு இங்கிலாந்துல பூல் துறைமுகத்துக்குப் போன கப்பல்ல அந்த நாயும் போச்சு. மாம்ஸ்பரி பிரபு கண்டாரு, ஆசைப்பட்டாரு, சுட்ட வாத்தை எடுத்துவர வச்சாரு. அவரு மகன் 1880கள்ல பக்ளூ டியூக்குக்குச் சில நாயைக் குடுத்தாரு. 1903ல அங்கத்த கென்னல் கிளப் தனி இனம்னு ஒத்துக்கிட்டுது. அமெரிக்காவுல 1991 தொட்டு 2021 வரைக்கும், முப்பத்தோரு வருசம், பதிவுல முதலிடம் அதுக்குத்தான். கடப்புறத்தான் வளத்த நாயை பிரபு கொண்டுபோயி பட்டம் சூட்டினாரு. அதே நாயைக் கடப்புறத்தானான நீ இப்பம் பட்டத்துக்குக் காசு குடுத்துத் திரும்ப மேடிக்கப் போற. வியாபாரம்னா இதுதான்லே. நீ கெட்டிக்காரன்.

கோல்டன் ரிட்ரீவர் சங்கதிதான் உனக்குப் பாடம். டட்லி மார்ஜரிபாங்ஸ்னு ஒருத்தரு, பிறகு ட்வீட்மவுத் பிரபு ஆனவரு. ஸ்காட்லாந்துல கிசாகன்னு ஒரு எஸ்டேட் வச்சிருந்தாரு. கருப்புக் குட்டிகளுக்கு நடுவுல மஞ்சளாப் பெறந்த நூஸ்ங்கிற நாயை வாங்கி, பெல்ங்கிற ட்வீட் நீர் ஸ்பானியல் பெட்டையோட சேத்தாரு. 1868ல நாலு மஞ்சள் குட்டி. கவ்ஸ்லிப், குரோக்கஸ், பிரிம்ரோஸ், அடா. மூணுக்குப் பூவு பேரு, நாலாவதுக்குப் பூவு தீந்துபோச்சு போல. இதுல ஒரு கூத்து. ரொம்ப காலம் சனங்க என்ன நம்பினாவன்னா, அந்தப் பிரபு ஒரு ரஷ்ய சர்க்கஸ்ல வித்தை காட்டின மஞ்சள் நாய்களை மொத்தமா வாங்கி அதுல இருந்து இந்த இனத்தை உண்டாக்கினாருன்னு. நல்ல கதை, கேக்க சுகமாவும் இருந்துது. 1952ல அவரு கைப்பட எழுதின நாய்க் கணக்குப் புத்தகத்து விவரம் வெளிய வந்துது. இன்ன நாளு இன்ன பெட்டை, இன்ன கடுவன், இத்தனை குட்டி, ஆருக்குக் குடுத்தேன். சர்க்கஸ் கூடாரம் அன்னைக்கே இடிஞ்சு விழுந்துது.

நீ இன்னும் ஒரு குட்டிகூட வாங்கல. அதுக்குள்ள உனக்க மாமனாரு டீக்கடையில இருந்து, ‘எங்க நாய்க்க பாட்டன் அரண்மனையில வளந்ததாக்கும்’னு சொல்லிட்டிருக்காராம். பரம்பரைப் பெருமை என்ன ஆகும்னு நம்ம ஊருக்காரனுக்கு நான் சொல்லணுமா? தோப்பில் முஹம்மது மீரான் ‘ஒரு கடலோர கிராமத்தின் கதை’யில வடக்கு வீட்டு முதலாளியை எழுதி வச்சிருக்காரே, அதை ஒருக்கா மாமனாருக்கு வாசிச்சுக் காட்டு. நாயைப் பத்தின புத்தகம் இல்ல, எங்கிலும் பண்ணை வைக்கிறவன் வாசிக்கலாம்.

ஆக, முதல்ல ஒரு நோட்டு மேடி. அப்பன் பேரு, தள்ளை பேரு, எந்தக் குட்டிக்கு இடுப்பு எலும்பு நழுவுச்சு, எது பட்டாசுக்குப் பயந்துது, எது ஒருத்தனைக் கடிச்சுது, எல்லாம் எழுது. கடிச்சதை மறைக்காம எழுதுறவன்தான் நல்ல வளப்புக்காரன். நல்லதை மட்டும் எழுதுறதுக்கு விளம்பரப் பலகை போதும்.

நம்பிக்கையைப் பத்திச் சொல்லணும்னா, இந்தத் தொழில்ல அது இல்லாம ஒரு நாளு ஓடாது. இன்னைக்குச் சேக்குற, அறுவத்து மூணு நாளு கழிச்சு அது ஈனும். ராத்திரி ரெண்டு மணிக்குத்தான் ஈனும், உனக்குத் தூக்கம் வாற நேரமாப் பாத்து. கண்ணு தொறக்கப் பத்துப் பதினாலு நாளு. குணம் தெரிய ஒரு வருசத்துக்கு மேல. நீ நினைச்சது பாட்டன் நாய்க்க மூக்கு. வந்து சேருறது பாட்டி நாய்க்க சோம்பல். அப்பவும் அடுத்த ஈத்துல சரியாகும்னு ராத்திரி டார்ச்சு அடிச்சுப் பாத்துட்டு இருப்ப. உனக்க பெண்டாட்டி கடைக்குட்டிச் சவலையைச் சேலைத்தலைப்புல பொதிஞ்சு வச்சுப் பால் ஊட்டுவா. செத்துப்போயிரும்னு நீ கணக்குல இருந்து வெட்டின அதுதான் பெறவு வீட்டை ஆளும். அந்தச் சந்தோசத்துக்கு விலைச்சீட்டு கிடையாது, அதனாலதான் உனக்க மாமனாரு கணக்குல அது வரல.

நம்ம ஊருல மூணு வேதக்காரனும் உண்டு. நாயைப் பத்தி மூணு பேரையும் கேட்டுட்டேன். வயிரவருக்கு வாகனம் நாய். குர்ஆன்ல குகைவாசிகள் கதையில, குகை வாசல்ல முன்னங்காலை நீட்டிப் படுத்துக் கெடந்ததும் நாய். பழக்கின வேட்டை நாய் பிடிச்சுத் தாறதை, இறைவன் பேரைச் சொல்லித் தின்னலாம்னும் அதுல இருக்கு. தோபியா பையன் வானதூதரோட தூரப்பயணம் போறப்பம் பொறத்தால போனதும் ஒரு நாய். அது கத்தோலிக்கருக்க பைபிள்லதான் இருக்கு, சிஎஸ்ஐக்காரனுக்க பைபிள்ல அந்தப் புத்தகம் இல்ல. ஆகையினால சிஎஸ்ஐக்காரனுக்கு நாய் விக்கும்போ வேற கதை யோசிச்சுக்க. மூணுலயும் நான் கண்டது ஒண்ணு. நாய் வாசல்லயோ கூடவோதான் நிக்குது, ஒரு வேதத்துலயும் மெத்தையில ஏறிப் படுக்கல. உனக்க வீட்டுல எங்க படுக்கப் போவுதுன்னு நான் கேக்க மாட்டேன்.

வேட்டைக்காரருக்குப் பாதுகாவலரா ஹூபர்ட்டுன்னு ஒரு புனிதரும் உண்டு, நவம்பர் 3 அவருக்க திருநாளு. வெறிநாய் கடிச்சா, அவரு பேரால ஒரு இரும்பைப் பழுக்கக் காச்சிக் கடிவாயில வைக்கிறது ஐரோப்பாவுல வழக்கமா இருந்துது. 1885ல பாஸ்டர் ஊசி போட்டு ஒரு பையனைக் காப்பாத்தின பெறவு அந்த இரும்புக்கு வேலை போச்சு. நம்ம பக்கத்துக்கு 1907ல குன்னூர்ல பாஸ்டர் நிலையம் வந்துது. நீ மெழுகுதிரி கொளுத்து, நேர்ச்சை போடு, வேண்டாம்னு சொல்லல. வெறிநோய்க்கும் பார்வோவுக்கும் டிஸ்டெம்பருக்கும் ஊசியை மட்டும் தேதி தப்பாமப் போட்டுட்டு, பெறவு கொளுத்து.

இப்பம் நான் சொல்லப்போறது உனக்குக் கசக்கும். ஸ்காட்லாந்துக் குளிருக்கு உண்டாக்கின ரெட்டை ரோமத்தைப் போத்திட்டு, நம்ம கடப்புறத்துச் சித்திரை வெயிலுக்கும் ஈரக்காத்துக்கும் அந்தச் சீவன் என்ன செய்யும்? நாக்கைத் தொங்கப் போட்டு இளைக்கும், ரோமத்துக்குள்ள உண்ணி குடியேறும், நீ ஏசி மாட்டுவ, மின்வாரியத்துக்குச் சந்தோசம். தெக்கத்தி மண்ணுலயே நாய் இல்லியா? விருதுநகர் பக்கம் ராஜபாளையமும் சிப்பிப்பாறையும், தேனிப் பக்கம் கோம்பை, கரிசல் காட்டுல கன்னி. கன்னியைப் பொண்ணுக்குச் சீதனமாக் குடுத்து விடுவாவன்னு சொல்லுவாவ. ராஜபாளையத்துக்கு 2005 சனவரி 9ல தபால்தலை வந்துது. 2020 ஆகஸ்ட் 30 வானொலிப் பேச்சுல பிரதமரும் நம்ம நாய்களைப் பேரு சொல்லிச் சொன்னாரு. அதுகள்ல பலதும் கண்ணால இரையைக் கண்டு ஓடிப் பிடிக்கிற சாதி, உனக்க பறவை நாயி மாதிரி மூக்கால தேடிக் காத்து நிக்கிறது இல்ல. ஓட எடம் வேணும், உனக்க மாடித் திண்ணை போதாது. ராஜபாளையம் எடுத்தா குட்டிக்குப் பொறத்தால நின்னு தட்டத்தைத் தட்டிப் பாரு. வெள்ளை நெறத்துக்காகச் சொந்தத்துக்குள்ளயே சேத்துச் சேத்து, பிறவிச் செவிடு அதுல கூடிப்போச்சு. வெள்ளைத் தோலுக்கு ஆசைப்பட்ட பாவம், பாவம் நாய்க்குத்தான் விழுந்துது.

சட்டமும் கேட்டுக்க. 2017ல மத்திய அரசு நாய் வளப்புக்கும் விற்பனைக்கும் விதி போட்டுது. மாநில விலங்கு நல வாரியத்துல பதியணும். எட்டு வாரம் ஆகாத குட்டியை விக்கப்பிடாது. பெட்டைக்கு 18 மாசம் ஆகணும், வருசத்துக்கு ஒரு ஈத்துக்கு மேல கூடாது, ஆயுசுக்கே அஞ்சு ஈத்து, எட்டு வயசு தாண்டினா நிறுத்திரணும். எனக்க காலத்துல பொம்பளையாளுக்கு இப்பிடி ஒரு சட்டம் போட ஒருத்தனும் இல்ல. இருந்திருந்தா உனக்க அப்பனே கெடையாது, அவன் எட்டாவது பேறு.

வேலை இல்லாத வேட்டை நாய் சோபாவைத்தான் வேட்டையாடும். அதுக்கு ஒரு வழி சொல்லுதேன். அந்தியில குழித்துறையாறு ஒழுக்கில்லாமக் கெடக்குற எடமாப் பாத்துக் கொண்டுபோ. பொழிமுகத்துப் பக்கம் போகாதே, அங்க இழுப்பு ஆளையே கொண்டுபோவும். ஒரு காஞ்ச தேங்காய்த் தொண்டை எடுத்துத் தண்ணியில எறி. லாப்ரடாரு குட்டியா இருந்தா ரெண்டாவது எறிக்கே பல்லுத் தடம் பதியாம எடுத்து வந்து உனக்க கையில தரும். சுட்ட பறவை கசங்காம வரணும்னு அவிய வளத்தெடுத்த வாய் அது. ஒரு பறவைக்கும் சேதம் இல்ல, வனத்துறைக்கும் வேலை இல்ல. ஊருப் பிள்ளியோ கூடி நின்னு கைதட்டும். தொண்டு நம்ம ஊருல ஓசியாக் கெடைக்கும், மாமனாருகிட்டச் சொல்லு, செலவுக் கணக்குல அது ஒண்ணுதான் சுழியம்.

எனக்கும் ஒரு குட்டி வேணும், ஆமா. ஓசிக்குத்தான், பின்னே. எட்டு வாரம் கழிஞ்ச பெறவு, ஊசி போட்ட சீட்டோட, நோட்டுல அப்பன் பேரும் தள்ளை பேரும் எழுதின பக்கத்தையும் நகல் எடுத்துட்டுக் கொண்டுவா. சர்க்கஸ் கதையோட வந்தா வாசல்லயே நின்னுக்க.