கீழ்நோக்கி வளர்ந்த ஆடிட்டர்

ஜவ்வாது மலையின் அடிவாரத்தில் பணத்தைப் பெருக்கித் தருகிறேன் என்று சொல்லும் ஆட்களுக்குப் பஞ்சம் வந்ததே இல்லை. ஒரு கல்யாண மண்டபம், ஒரு குத்துவிளக்கு, ஒரு கோட்டு, ஒரு மைக் இருந்தால் போதும். லட்சம் போட்டால் மாதாமாதம் இத்தனை ஆயிரம் என்பார்கள். கணக்குப் போடத் தெரிந்தவர்கள்கூட அன்றைக்கு மட்டும் கணக்குப் போட மறந்துவிடுவார்கள். 2022-இல் ஆரணி, வேலூர் வட்டாரத்து நிதி நிறுவனங்களில் பொருளாதாரக் குற்றப்பிரிவு போலீஸ் நுழைந்தபோதுதான் பலருக்கும் வகுத்தல் வாய்ப்பாடு ஞாபகம் வந்தது. மலைமேல் காவலூரில் 2.3 மீட்டர் தொலைநோக்கி இருக்கிறது. அதில் விண்மீன் தெரியும், விண்மீன் மண்டலம் தெரியும். அடிவாரத்தில் போட்ட டெபாசிட் மட்டும் தெரியாது.

இந்த மலைக்கு ஏற்ற ஆலோசகர் தமிழ்நாட்டில் பிறக்காமல் இல்லை. பிறந்தார், 1892 ஜனவரி 4-ஆம் தேதி, தஞ்சாவூரில். பெயர் ஜோசப் செல்லத்துரை கொர்னேலியஸ். ஒரே ஒரு குறை. மற்ற ஆலோசகர்களின் தொழில் வாழ்க்கையை வரைந்தால் கோடு மேலே போகும். இவருடையது மேலிருந்து கீழே வந்தது. சறுக்கி விழவில்லை, தானே படி இறங்கினார்.

தொடக்கம் என்னவோ ஜோராகத்தான் இருந்தது. லண்டனில் கணக்குத் தணிக்கை படித்துத் தேறி, அங்கேயே வேலையும் பார்த்தார். அம்மா கூப்பிட்டதால் 1919-இல் ஊர் திரும்பியவர், பம்பாயில் கூட்டாளியோடு சொந்தமாகத் தணிக்கை நிறுவனம் நடத்தினார். பட்டு சூட்டு, கையில் தடி, பேச்சில் லண்டன் வாடை. அப்படியே இருந்திருந்தால் ஏதாவது மில் முதலாளிக்கு வரி மிச்சம் பிடித்துக் கொடுத்து, மலபார் ஹில்லில் பங்களா வாங்கி, நம் கட்டுரைக்கு உதவாமல் போயிருப்பார்.

1927-இல் அமெரிக்கா போனார். சிராக்யூஸில் வணிக நிர்வாகம் படித்துப் பட்டம் வாங்கிவிட்டு, கொலம்பியா பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். அங்கேதான் வாய் சும்மா இருக்கவில்லை. நியூயார்க் தேவாலயம் ஒன்றில் இந்தியா ஏன் ஏழை நாடாக இருக்கிறது என்று ஒரு சொற்பொழிவு ஆற்றினார். பத்திரிகையில் செய்தி வந்தது. பொது நிதியில் பெரிய புள்ளியான பேராசிரியர் செலிக்மன் அதைப் படித்துவிட்டு, இதையே ஆராய்ச்சியாகச் செய் என்றார்.

ஆடிட்டர் கையில் சாம்ராஜ்யத்தின் பேரேடு சிக்கியது. அதுவரை வெள்ளைக்காரன் ஆட்சியைக் குறை சொல்லாத மனிதர், வரவு எவ்வளவு, செலவு எங்கே, பட்டாளத்துக்கு எவ்வளவு, கடனுக்கு வட்டி எவ்வளவு என்று பார்த்தார். விதி, சோம்பல், வெயில் என்று வெள்ளைக்காரர்கள் சொல்லிவந்த காரணங்கள் ஒன்றும் பேரேட்டில் இல்லை. வறுமை செலவுக் கணக்கில் உட்கார்ந்திருந்தது. ஊர் திரும்பியவர் கொர்னேலியஸைக் கழற்றி வைத்துவிட்டு, குடும்பப் பெயரான குமரப்பாவை எடுத்துக்கொண்டார். இப்படித்தான் ஜே.சி. குமரப்பா ஆனார்.

ஆராய்ச்சியை அச்சேற்ற வழி தேடியபோது, காந்தியிடம் காட்டுங்கள் என்று யாரோ சொன்னார்கள். 1929 மே 9-ஆம் தேதி சபர்மதிக்கு வரச்சொல்லி அழைப்பு வந்தது. ஆசிரம விருந்தினர் அறைக்குள் நுழைந்தவருக்கு நாற்காலி மேசை எதுவும் இல்லாததில் ஏகக் கோபம். தடியைச் சுழற்றிக்கொண்டு வெளியே நடந்தார். மரத்தடியில், சாணம் மெழுகிய தரையில், கிழவர் ஒருவர் ராட்டை சுற்றிக்கொண்டிருந்தார். அவரை வேடிக்கை பார்த்தபடி நின்றார். கொஞ்ச நேரம் கழித்து, நீங்கள்தான் குமரப்பாவா என்று கிழவர் கேட்டபோதுதான், நீங்கள்தான் காந்தியா என்று இவர் திருப்பிக் கேட்டார். பிறகு அந்தப் பட்டு சூட்டோடு சாணத் தரையில் உட்கார்ந்தார். நாற்காலி வந்தது, வேண்டாம் என்றுவிட்டார். ஒரு சலவைத் தொழிலாளியின் நோக்கில் பார்த்தால் இந்தியப் பொருளாதாரச் சிந்தனை வரலாற்றில் இதைவிடப் பெரிய நஷ்டம் கிடையாது.

காந்தி அந்த ஆராய்ச்சியைத் தம் 'யங் இந்தியா' இதழில் தொடராகப் போட்டார். கூடவே, குஜராத் கிராமங்களில் ஒரு கணக்கெடுப்பு நடத்துங்கள் என்றார். இவருக்குக் குஜராத்தி ஓர் எழுத்துத் தெரியாது. குஜராத் வித்யாபீடத்தின் காகா காலேல்கர் இவர் உடுப்பைப் பார்த்து முகம் சுளிக்க, இவர் கோபித்துக்கொண்டு பம்பாய்க்கு ரயிலேற, அவர் கடிதம் போட்டுக் கூப்பிட, ஒரு மாமியார் மருமகள் நாடகமே நடந்து முடிந்தது. கடைசியில் மாதர் தாலுகாவில் ஊர் ஊராகப் போய் வீடுகளின் வரவு செலவை எழுதினார். எந்தக் கம்பெனியின் ஐந்தொகையும் சொல்லாததை அந்த அடுப்படிகள் சொல்லின.

அதே 1929-இல் அமெரிக்காவில் வேறு இரண்டு பேச்சாளர்கள் மேடையில் இருந்தார்கள். யேல் பல்கலைக்கழகத்து இர்விங் ஃபிஷர், பங்கு விலை இனி இறங்காத மேட்டில் ஏறிவிட்டது என்றார். சில நாட்களில் சந்தை விழுந்தது, அவர் சொத்தும் போனது. முதலீட்டு ஆலோசகர் ரோஜர் பாப்ஸன் செப்டம்பர் 5-ஆம் தேதி, சரிவு வரப்போகிறது என்று எச்சரித்தார், வந்தது. வருஷக்கணக்காக அதையே சொல்லிக்கொண்டிருந்தார் என்பது வேறு விஷயம். பின்னால் அவரே 1948-இல் புவியீர்ப்பை முறியடிக்க ஓர் ஆராய்ச்சி அறக்கட்டளையே தொடங்கினார். பங்கு விழுவதை நிறுத்த முடியாதவர், பொருள்கள் விழுவதையே நிறுத்தப் பார்த்தார்!

நம்மவர் ஆரூடம் சொல்லவில்லை. பில் கேட்டார். 1934 ஜனவரி 15-ஆம் தேதி பீகாரில் பூகம்பம். நிவாரண நிதிக் கணக்கைக் கட்டிக்காக்கக் குமரப்பாவைக் கூட்டிப்போனார்கள். தொண்டர் ஒருவருக்குச் சாப்பாட்டுச் செலவு நாளைக்கு மூன்று அணா என்று கறாராக வைத்தார். அந்த நேரம் பார்த்துக் காந்தி தம் பரிவாரத்தோடு பாட்னா வந்து இறங்கினார். ஆட்டுப்பாலும் பழமும் மூன்று அணாவில் அடங்குமா? காந்தியின் செயலாளர் மகாதேவ தேசாயைக் கூப்பிட்டு, உங்கள் கூட்டத்தின் சாப்பாட்டுக்கும் பெட்ரோலுக்கும் நிவாரண நிதியிலிருந்து தம்பிடி தரமுடியாது என்றார். விஷயம் காந்தி காதுக்குப் போனது. குமரப்பா கணக்கை விளக்கினார், மகாத்மா தலையாட்டினார். தலைவர் வந்தால் பொன்னாடை வாங்கவே தனி பட்ஜெட் போடும் நமக்கு இந்த இடம் கொஞ்சம் புரியாது.

அதே ஆண்டு வார்தாவில் அகில இந்தியக் கிராமத் தொழில் சங்கம் பிறந்தது. குமரப்பா அதன் செயலாளர். செக்கு எண்ணெய், கைக்குத்தல் அரிசி, பனைவெல்லம், கைக்காகிதம், தேனீ வளர்ப்பு என்று ஊர் ஊராகப் பேசினார். இடையிடையே சிறைக்கும் போனார். அங்கே தொந்தரவு இல்லாமல் எழுதினார். ஜபல்பூர் சிறையில் எழுதிய 'நிலைத்த பொருளாதாரம்' நூலைப் படித்துவிட்டு, காந்தி தாமே ஒரு டாக்டர் பட்டம் உருவாக்கி வழங்கினார், கிராமத் தொழில் டாக்டர் என்று. கொலம்பியாவுக்கே தோன்றாத பட்டம்.

அந்த நூலில் பொருளாதாரத்தை விலங்குகளை வைத்து விளக்குகிறார். புலி தன் இரையைக் கொன்று தின்கிறது. குரங்கு நடாத மரத்தில் பழம் பறிக்கிறது. பறவை தானே கூடு கட்டிக்கொள்கிறது. தேனீ கூட்டத்துக்காகச் சேர்க்கிறது. தாய்ப்பறவை கைம்மாறு கேட்காமல் ஊட்டுகிறது. ஜவ்வாது மலையில் இந்தப் பாடத்துக்குக் கரும்பலகையே தேவையில்லை. ஜமுனாமரத்தூர்ப் பக்கம் மலையாளிப் பழங்குடி மக்களின் தேனும் சாமையும் புளியும் அவர் போட்ட பட்டியலின் உறவுக்காரர்கள்தான். அதை மலையில் அள்ளி, அடிவாரத்தில் பாட்டிலில் அடைத்து, சென்னையில் 'ஆர்கானிக்' என்று பெயர் சூட்டிப் பல மடங்குக்கு விற்கும் வியாபாரி குரங்கா, புலியா என்பதை அவரவர் முடிவு செய்துகொள்ளலாம். மலைமக்களே குத்தி, புடைத்து, அடைத்து, விலை வைத்து விற்க வேண்டும் என்பதுதான் குமரப்பாவின் முதலீட்டு ஆலோசனை முழுவதும். கமிஷன் கிடையாது என்பதால் அதைச் சொல்ல இன்றைக்கு எந்த ஏஜெண்டும் வருவதில்லை.

விடுதலைக்குப் பிறகு காங்கிரஸ் அவரைத் தன் நிலச்சீர்திருத்தக் குழுவுக்குத் தலைவராக்கியது. அறிக்கையை வாங்கி மரியாதையாகப் படித்துப் பத்திரமாக வைத்தது. அவர் மதுரைப் பக்கம் தே. கல்லுப்பட்டிக்கு வந்து குடிசையில் தங்கினார். 1960 ஜனவரி 30-ஆம் தேதி, காந்தியின் நினைவு நாளிலேயே, மதுரையில் காலமானார்.

பண விஷயத்தில் மேடையேறிப் பேசுகிற ஒருவரை எடைபோட அவருடைய ஆரூடம் பலித்ததா என்று பார்த்துப் பிரயோஜனமில்லை. அவர் சொல்லும் சிக்கனத்தை முதலில் யார் தலையில் கட்டுகிறார் என்று பாருங்கள். குமரப்பா தம் தலையில் கட்டிக்கொண்டார். அதன் பிறகுதான் காந்தியிடம் பில் நீட்டினார்.