கடை எனும் காலப்பெயர்: புத்தளக் கரையில் உண்ணுமிடம் தேடுதல் குறித்த ஓர் ஆய்வு

பெயர்ச்சொல்லை ஆறாக வகுத்த நம் இலக்கணக்காரர்களிடம் சாப்பாட்டுக் கடையைக் கொடுத்தால் யோசிக்காமல் இடப்பெயரில் போடுவார்கள். சிலாபத்திலிருந்து கற்பிட்டி வரை வெறும் வயிற்றோடு பஸ்ஸில் போயிருந்தால் அவர்களுக்கு இந்தப் பிழை நேராது. இந்தக் கரையில் நல்ல கடை என்பது காலப்பெயர். கார்த்திகை, மாலை, கடை. இதை நிறுவுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஆய்வுப் பரப்பு, கொழும்பு வீதியில் சிலாபத்தில் தொடங்குகிறது. உடப்பை இடப்பக்கம் விட்டு, முந்தல், மதுரங்குளி தாண்டி, பாலாவிச் சந்திக்கு வருகிறது. அங்கே நேரே போனால் புத்தளம். இடப்பக்கம் திரும்பினால் நுரைச்சோலை வழியாக சுமார் நாற்பது கிலோமீற்றரில் கற்பிட்டி. மாதிரியின் அளவு: ஒரு வயிறு. ஒப்பீட்டுக்காக ஒரு நண்பரையும் அழைத்துப் போனேன். அவர் வீட்டிலிருந்து சோத்துப் பார்சல் கட்டிக்கொண்டு வந்துவிட்டதால், முதல் நாள் மதியமே ஆய்விலிருந்து நீக்கப்பட்டார். அவர் முகத்தில் தெரிந்த திருப்தியை ஆய்வு கணக்கில் எடுக்கவில்லை.

முன்னோடி ஆய்வுகளில் முதன்மையானது இப்னு பதூதாவுடையது. 1344இல் அவர் வந்திறங்கிய ‘பத்தாலா’ புத்தளம் என்பது அறிஞர் கருத்து. இறங்கியவர் கடை தேடவில்லை. நேரே ஆரியச் சக்கரவர்த்தியிடம் போனார். மன்னருக்குப் பாரசீகம் தெரிந்திருந்தது. மூன்று நாள் விருந்தாளியாக இருந்துவிட்டு, மன்னர் கூட்டி அனுப்பிய ஆட்களோடு பாவா ஆதம் மலைக்குப் புறப்பட்டார். முறையியல்படி குற்றம் சொல்ல இடமில்லை. ஆனால் அதே பரிசோதனையை இன்று திரும்பச் செய்து பார்க்க வழியில்லை. புத்தளம் பஸ் நிலையத்தில் இறங்கிய என்னைக் கூட்டிப்போக அரண்மனை ஆள் எவரும் வரவில்லை. கழுதை ஒன்று மட்டும் வந்து பார்த்துவிட்டுப் போனது.

அடுத்து வந்தவர்கள் பறங்கியர். போர்த்துக்கேய நகரமொன்றில் நல்ல சாப்பாட்டுக் கடை எப்படித் தேடுவது என்று மேனாட்டார் பக்கம் பக்கமாக எழுதுகிறார்கள். நமக்கு அந்தச் சிரமம் தேவையில்லை. போர்த்துக்கேயர் தங்கள் கடையையே இங்கே விட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். ஒரு சாதாரண கடைக்குள் போய்ப் பாருங்கள். மேசை அவர்களுடையது. மேசையில் இருக்கும் கோப்பை அவர்களுடையது. ரோல்ஸும் வடையும் அடுக்கிய கண்ணாடி அலுமாரி அவர்களுடையது. பாண், வினாகிரி, அன்னாசி, கை துடைக்கும் துவாய், பின்னால் புகை கக்கும் குசினி, பக்கத்துத் தெருவில் தவறணை, எல்லாம் அவர்கள் சொற்கள். 1658இல் தீவை விட்டுப் போகும்போது பில்லை மட்டும்தான் எடுத்துக்கொண்டு போனார்கள் போலும். அவர்களுக்குப் பின் வந்த ஒல்லாந்தர் கற்பிட்டியில் 1667இல் கோட்டை கட்டத் தொடங்கினார்கள். தமிழுக்கு அவர்கள் தந்த சொற்களில் இன்றும் நாள் தவறாமல் புழங்குவது ‘கக்கூஸ்’. ஆக ஒரு பேரரசு உணவின் தொடக்கத்தையும் அடுத்தது அதன் முடிவையும் கவனித்துக்கொண்டன. பில் போடும் பொறுப்பு ஆங்கிலேயருக்கு வந்து சேர்ந்தது. அந்தச் சொல் அவர்களுடையதுதானே.

இனி, கடை கண்டுபிடிக்க மக்களிடம் புழங்கும் கருதுகோள்களுக்கு வருவோம்.

முதலாவது, லொறிக் கருதுகோள். லொறிகள் வரிசையாக நிற்கும் கடையில் சாப்பாடு நன்றாக இருக்கும் என்பது இதன் சாரம். உப்பும் சீமெந்தும் ஏற்றிய லொறிகள் ஓடும் இந்த வீதியில் இதைச் சோதிப்பது சுலபம். ஐந்து லொறிகள் நின்ற இடத்தில் நம்பிக்கையோடு இறங்கினேன். அது டயர் ஒட்டும் கடை.

இரண்டாவது, முச்சக்கரவண்டிக் கருதுகோள்: ஓட்டுநருக்குத்தான் ஊரின் ருசி தெரியும். ஊர் பெயர் வேண்டாம், ஒருவரிடம் கேட்டேன். பக்கத்தில் இருந்த நாலு கடையையும் தாண்டி மூன்று கிலோமீற்றர் கொண்டுபோய் இறக்கினார். கடைக்காரர் அவரை “மச்சான்” என்று வரவேற்றார். இந்த நாட்டில் எல்லோரும் எல்லோரையும் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள் என்பதால் நான் கண்டுகொள்ளவில்லை. பில் வந்த பிறகுதான் உண்மையாகவே மச்சான் என்று விளங்கியது.

மூன்றாவது, அண்மைக் கருதுகோள். பொருள் விளையும் இடத்தில்தான் பொருள் நன்றாகக் கிடைக்கும் என்பார்கள். இலங்கையின் இறால் வளர்ப்புக்கு இந்த மாவட்டமே தலைமையிடம்; சிலாபத்துக்கு வடக்கே பஸ் ஜன்னலில் பார்த்தால் பண்ணைக் குளங்கள் தெரியும். ஆனால் பருமனான இறால் கப்பலேறிவிடுகிறது. களப்பு நண்டில் கனமானது விமானம் ஏறி சிங்கப்பூர் போய், அங்கே ‘ஸ்ரீலங்கா நண்டு’ என்ற பட்டத்தோடு மிளகுக் கறியாகிறது. களப்புக்கரைக் கடையில் உங்கள் தட்டுக்கு எட்டுவது ஒரு கால் முறிந்த, கடவுச்சீட்டு மறுக்கப்பட்ட நண்டு. அதன் குழம்பு அருமையாக இருக்கும் என்பதையும் நேர்மை கருதிச் சொல்லவேண்டும்.

மூன்றும் விழுந்துவிட்ட நிலையில், என் கோட்பாட்டுக்கு ஆதாரம் தந்தது புத்தளம் நகரில் ஒரே கதவிலக்கத்தில் இருந்த ஒரு கடை. சுபஹ் தொழுகை முடிந்து ஆட்கள் வரும்போது அது இடியப்பக் கடை. வீடுகளில் அவித்துப் பெட்டியில் வரும் இடியப்பம், மஞ்சள் மினுங்கும் சொதி, காரம் தலைக்கேறும் தேங்காய்ச் சம்பல். எட்டு மணிக்குப் பெட்டி காலி. பன்னிரண்டுக்கு அதே மேசைகளில் சோறும் பாரைமீன் கறியும். மூன்று மணிக்குச் சோற்றின் சுவடே இல்லை, பிளேன்ரீக் கடை. இருட்டியபின் வாசலில் இரும்புத் தட்டு சூடேறி, இரண்டு தகடுகள் பராட்டாவைக் கொத்தும் சத்தம் தெருமுனை வரை கேட்கிறது. மதியம் இரண்டு மணிக்கு அங்கே கொத்துரொட்டி கேட்டேன். காசாளர் என்னைப் பார்த்த பார்வையில் கோபம் இல்லை, இரக்கம் இருந்தது.

பிளேன்ரீ வேளையைச் சற்று நெருங்கிப் பார்க்கலாம். நீங்கள் உட்கார்ந்ததும், கேட்காமலே ஒரு தட்டு வருகிறது: நாலு ரோல்ஸ், மூன்று பற்றிஸ், இரண்டு மீன் பணிஸ், ஓரத்தில் ஒரு உளுந்துவடை. தின்றதற்கு மட்டும் காசு. மிச்சம் அடுத்த மேசைக்குப் போகும். அங்கிருந்து அதற்கடுத்த மேசைக்கு. நான் கவனித்த அந்த வடை முக்கால் மணி நேரத்தில் ஐந்து மேசைகளைச் சுற்றி, ஒவ்வொன்றிலும் யாரோ ஒருவரின் விரலால் அமுக்கிப் பார்க்கப்பட்டு, கடைசியில் என்னிடமே திரும்பி வந்தது. அதைத் தின்றேன். ஆய்வுக்காகத்தான்.

நாளும் மணியளவு முக்கியம். வெள்ளிக்கிழமை ஜும்ஆ வேளையில் புத்தளத்தில் கதவுகள் வரிசையாகச் சாத்தப்படும். பன்னிரண்டரைக்குப் போய் இறங்குகிறவன் பூட்டைத்தான் பார்ப்பான். நோன்பு மாதத்தில் பகல் முழுக்க அடங்கிக் கிடக்கும் வீதி, மாலையில் கஞ்சி வாசத்தோடு எழும்பும். போயா தினத்தில் தவறணைக்காரருக்கு ஓய்வு. தலவில அன்னம்மாள் திருநாள் மார்ச்சிலும் ஆகஸ்டிலும் வரும்போது கற்பிட்டி வீதிக் கடைகளில் உட்கார இடம் கிடைக்காது, ஆனால் எல்லாம் சுடச்சுட இருக்கும். மீனுக்கோ காற்றே நாட்காட்டி. தென்மேற்குப் பருவத்தில் கடல் கொந்தளிக்கும்போது உடப்புக் கரைவலைக்காரர் பலர் வலையோடு கிழக்குக் கரைக்குப் போய்விடுவார்கள். அந்த மாதங்களில் இங்கே கடல்மீன் எங்கே நல்லது என்று கேட்பவருக்குச் சரியான விடை முல்லைத்தீவு.

கோட்பாட்டைக் களத்தில் சரிபார்க்கும் எண்ணத்தோடு கற்பிட்டிக் கோட்டைக்கு அருகே வலை பொத்திக்கொண்டிருந்த ஒருவரிடம் போனேன்.

“நானா, இங்க நல்ல சாப்பாட்டுக் கடை எங்க இருக்கு?”

ஊசியை நிறுத்தாமல் கேட்டார்: “எத்தின மணிக்கு?”

ஆய்வு அந்த இடத்தில் முடிந்துவிட்டது. அப்போது மணி மூன்றே முக்கால் என்பதால் பசி மட்டும் முடியவில்லை. “இப்பயா? இப்ப ஒண்டும் இல்ல மகன். காலைல வந்திருக்கணும்” என்றார். பஸ் நிலையப் பெட்டிக்கடையில் மீன் பணிஸ் ஒன்றை வாங்கிக்கொண்டு பாலாவி பஸ்ஸில் ஏறினேன். பழைய பயிற்சிக் கொப்பித் தாளில் ஒட்டிய பை. உள்ளே இருந்ததைத் தின்றுவிட்டு, எண்ணெய் ஊறிய தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். ஏதோ ஒரு பிள்ளையின் கணக்கு. அடியில் ஆசிரியர் சிவப்பு மையால் எழுதியிருந்தார்: ‘விடை சரி. செய்கை எங்கே?’