தட்டுப் புறா வேட்டை

யாழ்ப்பாணத்துத் தீவுக் கிராமமான நாரந்தனையில் பிறந்தவன் துவக்கைக் கண்டால் ஓட வேண்டும். காசு கொடுத்து வாங்கக் கூடாது. எங்கள் தலைமுறைக்கு இது யாரும் சொல்லித்தரத் தேவையில்லாத பாடம். கச்சேரிக்குப் போய் வருடா வருடம் அனுமதிப்பத்திரத்தைப் புதுப்பித்து, இரட்டைக்குழல் துவக்கை அலுமாரிக்குப் பின்னால் சாத்தி வைத்திருந்த பெரியவர்களின் கதை நான் பிறக்கும் முன்பே முடிந்துவிட்டது. நான் அறிந்த துவக்கு, சோதனைச் சாவடியில் எதிரே நிற்பவரின் கையில் இருக்கும் சாமான். எனக்கு வாய்த்த ஒரே ஆயுதம் கெற்றப்போல். அதாலும் மாங்காய்தான் விழுந்தது. அதுவும் பக்கத்து வளவு மாங்காய்.

இப்படிப்பட்ட வீரனாகிய நான்தான் கனடாவின் ஸ்காபரோவில் குடியேறி, தலை நரைத்த பிறகு ‘ட்ராப்’ சுடப் பழகப் போனேன்.

விளையாட்டு இதுதான். நிலத்தோடு பதிந்த ஒரு சிறு கொட்டிலுக்குள் இயந்திரம் ஒன்று ஒளிந்திருக்கும். அதற்கு 16 யார் பின்னால் நின்று ‘புல்’ என்று கத்த வேண்டும். உள்ளங்கை அகலத் தட்டு ஒன்று மணிக்கு அறுபது கிலோமீற்றருக்கு மேற்பட்ட வேகத்தில் உங்களை விட்டு விலகிப் பறக்கும். இடமா வலமா என்பது இயந்திரத்துக்கு மட்டும் தெரிந்த இரகசியம். ஐந்து நிலைகள், நிலைக்கு ஐந்து தட்டுகள், ஆக ஒரு சுற்றுக்கு 25. முன்பு உயிருள்ள புறாக்களையே பறக்கவிட்டுச் சுட்டார்கள். 1900ஆம் ஆண்டு பாரிஸில்கூட அப்படி ஒரு போட்டி நடந்தது. பிறகு உலகத்துக்கு இரக்கம் வந்தது. இப்போது பறப்பது சுண்ணாம்புப் பொடியும் கீலும் கலந்த தட்டு. பெயர் மட்டும் ‘களிமண் புறா’.

இது ராசாமார் ஆடிய ஆட்டம். பிக்கானீர் மகாராஜா கர்ணி சிங் 1962இல் கெய்ரோ உலகப் போட்டியில் வெள்ளி வென்றார். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் இந்தியாவுக்காக ட்ராப் சுட்ட பிருத்விராஜ் தொண்டைமான், புதுக்கோட்டை அரச குடும்பத்தவர். எங்கள் வம்சத்துக்கு இருந்தது ஒரு பனங்காணி. அதற்கும் எல்லை வழக்கு.

கனடாவில் துவக்கு வாங்க, முதலில் பாதுகாப்பு வகுப்புக்குப் போய் எழுத்துச் சோதனையும் செய்முறைச் சோதனையும் சித்தியடைய வேண்டும். அது சுகம். கடினமான பகுதி விண்ணப்பப் படிவத்தில் இருக்கிறது. அதில் வாழ்க்கைத்துணை கையெழுத்து வைக்க ஓர் இடம் உண்டு. அவர் வைக்காவிட்டால், அதிகாரிகளே தொடர்புகொண்டு அவருக்கு அறிவிப்பார்கள். மனைவி படிவத்தை இரண்டு முறை வாசித்தார்.

“இஞ்சேருங்கோ, இதில உங்களைப் பற்றி நாலு வரி எழுத இடம் விடேல்லையே?”

கராஜைத் துப்புரவாக்குவது என்ற உடன்படிக்கையின் பேரில் கையெழுத்து விழுந்தது. முதன்முறை விண்ணப்பிப்பவர் குறைந்தது 28 நாள் காத்திருக்க வேண்டும் என்பது சட்டம். அந்த 28 நாளும் எங்கள் வீட்டில் ஒருவர் மட்டுமே குரல் உயர்த்தினார். அது நான் இல்லை.

வாங்கியது பழைய 12 போர் இரட்டைக்குழல் வேட்டைத் துவக்கு. ஓர் இறாத்தல் ஈயத்தைப் பன்னிரண்டு சம உருண்டைகளாக்கினால், அதில் ஒன்று சரியாக நுழையும் குழல் 12 போர். துவக்குச் சுடும் கழகத்தில் எனக்கு அடுத்த நிலையில் நின்றவர் வைத்திருந்ததோ, ட்ராப்புக்கென்றே செய்த துவக்கு. அதன் விலைக்கு என் காரையும் கொடுத்து மேலே கொஞ்சம் காசும் வைக்க வேண்டும்.

வித்தியாசம் விலையில் மட்டும் இல்லை. ட்ராப் துவக்கில் கன்னம் பதியும் இடம் உயரமாக இருக்கும். வெடி கொஞ்சம் மேலே போகும். எழும்பிப் போகும் தட்டுக்கு அதுதான் தோது. வேட்டைத் துவக்கு பார்த்த இடத்திலேயே சுடும். ஆகவே தட்டைக் குழலால் மறைத்துக்கொண்டு விசையை இழுக்க வேண்டும். இலக்குக் கண்ணுக்குத் தெரியாதபோதுதான் சுட வேண்டும் என்பதை ஏற்க, யாழ்ப்பாணத்தில் படித்த மூளைக்குச் சிறிது காலம் பிடித்தது. பாரம் குறைந்த துவக்கு என்பதால் பிடங்கு தோளில் இடிப்பதும் கூட.

கழகத்து முதியவர் ஒருவர் எனக்குக் குருவானார். “குறி பார்க்காதே, துவக்கை ஓட்டு” என்றார். பண்ணைப் பாலத்தடியில் புறப்பட்டுவிட்ட ஊர்காவற்றுறை பஸ்ஸில் தொத்துவது போலத்தான்: அதோடு சேர்ந்து ஓடி, எட்டிப் பிடித்து, பிடித்த பிறகும் ஓட்டத்தை நிறுத்தாமல் இருக்க வேண்டும். நின்றால் விழுந்தீர்கள். தோட்டாவுக்குள் முந்நூறுக்கு மேற்பட்ட சன்னங்கள் இருக்கின்றன. அத்தனை பேரும் சேர்ந்து போயும் ஒரு தட்டைத் தொடாமல் திரும்புவது எப்படி என்று அறிய விரும்புபவர்கள், குழலை நிறுத்திவிட்டுச் சுட்டுப் பார்க்கலாம்.

எனக்கு இரண்டு பிறவிக் குணங்கள் குறுக்கே நின்றன. முதலாவது, பக்கத்தில் வெடி கேட்டதும் உடம்பு தானாகப் பங்கரைத் தேடுவது. மற்றவர்கள் தட்டைப் பார்க்க, நான் மட்டும் தரையைப் பார்த்தேன். இரண்டாவது குரல். இயந்திரத்தை இயக்குவது மைக். நாங்களோ கடற்காற்றுக்கு எதிராகப் பேசிப் பழகிய தீவார். என் ‘புல்’லுக்குப் பக்கத்து நிலைக்காரரும் திடுக்கிட்டுத் துவக்கைத் தூக்கினார்.

ஊரில் இருக்கும் பெரியம்மாவுக்குச் செய்தி எட்டியதும் தொலைபேசி வந்தது.

“சுட்டதைக் கறி வைக்கேலுமே மோனை?”

“இல்லைப் பெரியம்மா, அது தட்டு.”

“தட்டு உடைக்கிறதுக்கோ கனடாவுக்குப் போனனீ? இஞ்ச இருந்து கோப்பை கழுவியிருந்தாலே போதுமே!”

அவர் கணக்குச் சரி. ஆனாலும் துவக்கை மடித்துத் திறந்தபடி நடந்து, முறை வந்தால் மட்டும் ஒரு தோட்டா போட்டு, ஒருவரையும் நோகடிக்காமல் வெடி வைத்துவிட்டு, சிரித்துக்கொண்டு வீட்டுக்கு வரும் ஓர் இடம் உலகில் உண்டு என்பதை எங்கள் ஊர் ஆட்களும் ஒருதரம் பார்க்க வேண்டும்.

தொடங்க விரும்புபவர்களுக்கு என் தீர்ப்பு: இருக்கிற வேட்டைத் துவக்கே போதும். மிச்சக் காசுக்குத் தோட்டா வாங்குங்கள். காதடைப்பும் கண்ணாடியும் இல்லாமல் நிலையில் ஏறாதீர்கள். படிவத்தை மனைவியிடம் நீட்டும் முன்னரே கராஜைக் கூட்டி வையுங்கள்.