குடத்தின் மேல் பேர்

உத்திரமேரூருக்கு வெளியூர்க்காரர்கள் வருவது வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரைப் பார்க்க. முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 919-லும் 921-லும் வெட்டிய கல்வெட்டுகள் அதில் இருக்கின்றன. சபை வேலைக்கு ஆள் எடுக்க ஊரை 30 குடும்புகளாகப் பிரித்து, தகுதியுள்ளவர்களின் பேரை ஓலையில் எழுதி, குடத்தில் போட்டுக் குலுக்கி, விவரம் அறியாத ஒரு சின்னப் பையனை விட்டு எடுக்கச் சொன்ன குடவோலைக் கதை அது. அன்றைக்குக் குடத்துக்குள் பேர் போட்ட ஊர், இன்றைக்குக் குடத்தின் மேல் பேர் போடுகிறது. ஆயிரத்து நூறு வருஷத்தில் நாங்கள் கண்ட முன்னேற்றம் அதுதான்.

பேர் வெட்டாத பாத்திரம் எங்கள் பக்கம் சீர்வரிசையில் ஏறாது. எவர்சில்வர் குடத்துக்கு விலை பேசி முடித்ததும் கடைக்காரர் கேட்கிற அடுத்த கேள்வி, "பேர் என்னன்னு வெட்டணும்?" முன்னே உளியும் சுத்தியும் வைத்துப் புள்ளி புள்ளியாகக் குத்தினார்கள். இப்போது மெஷின் 'கிர்'ரென்று இழுத்துவிடுகிறது. எழுத்துக்கு இவ்வளவு என்று கூலி வாங்கிய காலத்தில், சிக்கனமான பெரியப்பா ஒருவர் தன் பேரை இரண்டே எழுத்தில் முடித்துக்கொண்டார். அந்த இரண்டெழுத்து எங்க அப்பாதான் என்று இன்றைக்கு மூன்று குடும்பம் அந்த அண்டாவுக்குச் சொந்தம் கொண்டாடுகிறது.

உறவை விடாமல் எழுதி வைப்பது எங்கள் ஊருக்குப் பழைய பழக்கம். சபையில் இருந்து கணக்குக் காட்டாதவன் மறுபடி குடத்துக்குள் வர முடியாது என்கிற கல்வெட்டு, அவனோடு நிறுத்தவில்லை. அவன் அப்பா, பிள்ளை, மாமனார், மருமகன், சித்தி மகன், அத்தை மகன் என்று கல்யாணப் பத்திரிகை மாதிரி அடுக்கிக்கொண்டே போகிறது. ஒருத்தன் பணத்தைச் சாப்பிட, மொத்தச் சொந்தமும் கல்லில் ஏறிவிட்டது.

எங்கள் சமையலறையும் அப்படித்தான். பால் வாங்குகிற தூக்கில் ஓர் அத்தை பேர் இருக்கிறது. அத்தைக்கும் அம்மாவுக்கும் பேச்சு நின்று பல வருஷம் ஆகிறது. ஆனால் தூக்கு ஒழுகவில்லை. ஒழுகாத தூக்கை எந்தச் சண்டைக்காகவும் தூக்கிப் போட அம்மாவுக்கு மனசு வராது. தினமும் காலையில் அதைத் தேய்க்கும்போது அத்தையையும் சேர்த்துத் தேய்ப்பாள். எங்கள் குடும்பத்தில் நாள் தவறாமல் நினைக்கப்படுகிற ஒரே ஆள் அந்த அத்தைதான்.

எங்கள் மேல் உயிரையே வைத்திருந்த சின்னம்மா கொடுத்தது வெள்ளிக் குங்குமச்சிமிழ். அருமையான சாமான் என்பதால் பட்டுத் துணியில் சுற்றி பீரோவுக்குள் போய்விட்டது. பள்ளிக்கூட ஃபீஸ் கட்டும் மாசத்தில் அடகு வைக்க எடுக்கும்போதுதான் சின்னம்மா ஞாபகம் வருகிறது. மீட்கிறபோது இன்னொரு தடவை, வட்டியோடு வருகிறது.

இவை போக, யார் வீட்டுப் பேரோ வெட்டிய கரண்டி ஒன்றும் எங்களிடம் இருக்கிறது. ஏதோ விசேஷத்தில் பாத்திரம் மாறி வந்திருக்க வேண்டும். யாரோ ஒருத்தருடைய தாத்தா எங்கள் வீட்டுக் குழம்பைக் கிளறிக்கொண்டிருக்கிறார். எங்கள் தாத்தா யார் வீட்டில் எதைக் கிளறுகிறாரோ!

சாமி விஷயத்திலும் இதே கதைதான். 2019-ல் காஞ்சிபுரத்தில் அத்தி வரதர் அனந்தசரஸ் குளத்திலிருந்து எழுந்தருளி, ஜூலை 1 முதல் ஆகஸ்ட் 17 வரை 48 நாள் தரிசனம் தந்தார். முதலில் சயனம், ஆகஸ்ட் பிறந்ததும் நின்ற கோலம். பிறகு குளத்துக்குள் போய்விட்டார், இனி 2059-ல்தான். 1979-லும் பார்த்த எங்கள் ஆயா இந்தத் தடவையும் கூட்டத்தில் நசுங்கிப் பார்த்துவிட்டு, லேமினேஷன் படம் ஒன்றோடு வந்தாள். கொள்ளுப்பேத்தியைக் கூப்பிட்டு, "அடுத்த வாட்டி நீ போய்ப் பாரும்மா. ஆயாவால வர முடியலன்னு சாமிகிட்ட சொல்லிடு" என்று பொறுப்பையும் ஒப்படைத்தாள்.

அந்தப் படம் மாட்டின ஆணியில் இப்போது வண்டிச் சாவி தொங்குகிறது. படத்துக்குப் பின்னால் ரேஷன் கார்டு, கேஸ் புத்தகம், கரண்ட் அட்டை. எது காணோம் என்றாலும் முதலில் கை அங்கேதான் போகும். கிடைத்தால் ஒரு கும்பிடு, கிடைக்காவிட்டால் "பெருமாளே!" பூஜை அலமாரியில் விலை கொடுத்து வாங்கி வைத்த வெண்கல விக்கிரகத்துக்கு வெள்ளிக்கிழமைதான் முறை. லேமினேஷன் பெருமாளுக்குத் தினமும் ஆறு கால பூஜை. போன வருஷத்துக் காலண்டரையும் நாங்கள் எறிவதில்லை. தேதி போய்விட்டது, முருகன் இருக்கிறாரே!

ஞாபகத்தைப் புழக்கத்தில் வைக்கிற வித்தை பெரிய இடத்திலும் உண்டு. இங்கிலாந்தில் விக்டோரியா ராணியின் புருஷன் ஆல்பர்ட் 1861-ல் இறந்தபின், அவர் அறையில் தினமும் மாற்றுத் துணி எடுத்து வைக்கவும், முகம் மழிக்க வெந்நீர் கொண்டுபோகவும் ராணி உத்தரவு போட்டிருந்தார். எங்கள் ஆயாவுக்கு அரண்மனை இல்லை, அமாவாசை இருக்கிறது. தாத்தா இருந்தவரை அவர் சுருட்டை ஒளித்து வைப்பதே ஆயாவுக்கு வேலை. இப்போது படையலில் வடை இருக்கிறதோ இல்லையோ, "சுருட்டு வாங்கியாந்தியாடா?" என்று கேட்காமல் சூடம் ஏற்ற விடமாட்டாள். அதிலும் ஒன்றுதான். அளவு மீறத் தாத்தாவுக்கு இன்றும் அனுமதி இல்லை.

இவ்வளவையும் யோசித்தபோது எனக்குக் கவலை வந்துவிட்டது. நான் விட்டுப்போக என்ன இருக்கிறது? போட்டோ எல்லாம் செல்போனுக்குள். மெமரி நிறைந்துவிட்டது என்று அதுவே அடிக்கடி அழுகிறது. தேய்க்கும்போது கையில் படுகிற மாதிரி ஒரு பாத்திரத்தில் என் பேரை வெட்டிவிடலாம் என்று முடிவு செய்து, எதில் வெட்டலாம் என்று மனைவியிடம் கேட்டேன்.

அவள் அடுப்பை விட்டுத் திரும்பவே இல்லை. "குண்டான் மூடியில வெட்டுங்க. வேணும்ங்கிற நேரத்துல கையில கிடைக்காதது அது ஒண்ணுதான். பொருத்தமா இருக்கும்."